உருக்காலையும் அதன் நிலக்கரி மின்நிலையமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் சனிக்கிழமை மாலைகளில் கொதிகலன் இயக்குபவர்களுக்கு ஒரு வகுப்பு எடுக்கிறேன். அதற்கு முன் பதினான்கு வருடம் வெளிநாட்டில், ஓர் உருக்காலைக்குச் சொந்தமான மின்நிலையத்தில் ஷிப்ட் வேலை பார்த்தேன். நிலக்கரியும் உலை வாயுவும் சேர்ந்து எரியும் கொதிகலன்கள் அங்கே இருந்தன. வகுப்புப் பிள்ளைகள், பழைய சோனகத் தெருவில் கம்பி விற்கும் கடைக்காரர்கள், மகனை வேலைக்கு அனுப்பும் தாய்மார் என்று பலரும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். ஒருமுறை ஒழுங்காக எழுதிவைத்தால் எல்லோருக்கும் உதவும் என்று நினைத்தேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

சேர், ஸ்டீல் பெக்டரிக்கு ஏன் தனியா ஒரு பவர் ஸ்டேஷன்? மின்சார சபை லைன் எடுத்தா போதாதா?

கறண்ட் மட்டும்தான் தேவை என்றால் போதும். ஆனால் இரும்புத் தாதிலிருந்து உருக்கு செய்யும் ஆலைக்கு மின்சாரம், நீராவி, உலைக்குள் ஊதும் காற்று மூன்றும் ஒரே நேரத்தில் வேண்டும். அதோடு உலையிலிருந்து வெளியேறும் வாயுவை வாங்கி எரிக்க ஓர் இடமும் வேண்டும். இவை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது மின்நிலையம்தான். மின்சாரம் அதன் பாதி வேலை. மற்றப் பாதியை வெளியிலிருந்து லைன் இழுத்து வாங்க முடியாது. இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். கீழே உள்ள பல பதில்கள் இதிலிருந்துதான் வருகின்றன.

இந்தியாவில் பிலாய், ரூர்கேலா, துர்காபூர் உருக்காலைகளின் சொந்த மின்நிலையங்களை நடத்துவதற்கென்றே, அரசின் உருக்கு நிறுவனமான செயிலும் மின் நிறுவனமான என்டிபிசியும் சேர்ந்து ஒரு கூட்டு நிறுவனம் வைத்திருக்கின்றன. விசாகப்பட்டினம் ஆலைக்கும் வளாகத்துக்குள்ளேயே நிலக்கரி மின்நிலையம் உண்டு.

எங்கட நாட்டுக் கம்பிக் கம்பனிகளிட்டயும் இப்பிடி ஒண்டு இருக்கோ?

இல்லை. அத்துருகிரிய பக்கம் ஒருவலவில் 1960களில் சோவியத் உதவியோடு கட்டப்பட்ட உருக்காலைகூட, தாதை உருக்கும் ஆலை அல்ல. இங்கே நடப்பது இரண்டு வேலை. ஒன்று, இறக்குமதி செய்த பில்லட் என்னும் உருக்குக் கட்டிகளைச் சூடாக்கி உருளைகளுக்கு நடுவே விட்டுக் கம்பியாக இழுப்பது. மற்றது, பழைய இரும்பை மின்சார உலையில் உருக்கி அந்தக் கட்டியை இங்கேயே வார்ப்பது. இரண்டுக்கும் தேசிய மின்கட்டமைப்பே போதும்.

பழைய இரும்பு ஒரு தொன்னை, தூண்டல் உலை என்னும் அந்த மின்சார உலையில் உருக்க ஏறத்தாழ 550 முதல் 650 யுனிட் வரை போகும். மாதம் நூறு யுனிட் எரிக்கும் வீட்டுக்கு அது ஆறு மாதக் கறண்ட். கம்பி விலை ஏறும்போதெல்லாம் டொலரை மட்டும் திட்டும் நண்பர்களுக்கு இதையும் சொல்லிவைக்கிறேன்.

நிலக்கரி எண்டா எல்லாம் ஒரே கரிதானே?

வெளியே பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், வேலை வேறு. உருக்காலைக்கு இரண்டு வகை வரும். கற்கரியாக மாறக்கூடிய நிலக்கரி ஒன்று. அதைக் காற்றுப் படாமல் ஆயிரம் பாகைக்கு மேல் சுட்டால் மென்மையாகி, ஒட்டி, மறுபடி இறுகிக் கல் போன்ற துண்டுகளாகும். அதுதான் கற்கரி. ஊதுலைக்குள், அதாவது அடியில் சூடான காற்றை ஊதித் தாதை இரும்பாக்கும் உயரமான உலைக்குள், பல மீற்றர் உயரத்துக்குக் குவிந்திருக்கும் தாதின் பாரத்தைத் தாங்கி, இடையில் காற்றுப் போக வழிவிடுவது அதன் வேலை. மற்றது கொதிகலனுக்கான சாதாரண நிலக்கரி. அதை மாவாக அரைத்து எரிக்கிறோம். இலங்கையின் நிலக்கரி மின்நிலையம் இருக்கும் நுரைச்சோலைக்குக் கப்பலில் வருவது இந்த இரண்டாவது வகை. அதை ஊதுலையில் மேலிருந்து கொட்டினால் நொறுங்கி உலையை அடைத்துவிடும்.

கரியை எரிச்சா எப்பிடி கறண்ட் வருது? சுருக்கமா சொல்லுங்க.

சுருக்கமாகவே சொல்கிறேன், இது எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது. கரித்தூளை எரித்துக் குழாய்களில் ஓடும் தண்ணீரை உயர் அழுத்த நீராவியாக்குகிறோம். நீராவி சுழலியைச் சுற்றும், சுழலி மின்பிறப்பாக்கியைச் சுற்றும். வேலை முடித்த நீராவியைக் குளிரவைத்துத் தண்ணீராக்கி மறுபடி கொதிகலனுக்கே அனுப்புகிறோம்.

அளவு புரிய ஒரு கணக்கு: நுரைச்சோலையில் 300 மெகாவோட் இயந்திரங்கள் மூன்று. முதலாவது 2011இலும் மற்ற இரண்டும் 2014இலும் வந்தன. முழுச் சுமையில் ஓடும்போது ஒரு இயந்திரம் மணிக்கு நூறு தொன்னுக்கு மேல் கரி தின்னும். அந்த வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமே மின்சாரமாகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி குளிர்விக்கும் தண்ணீரோடு கடலுக்குப் போய்விடும்.

உலை வாயு, உலை வாயு எண்டு சொல்றீங்களே, அது என்ன? எரியுமா?

எரியும், ஆனால் சோம்பலாக எரியும். ஊதுலையில் கற்கரி பாதி எரிந்து காபனோரொட்சைட்டு ஆகிறது. அது தாதிலிருந்து ஒட்சிசனைப் பிடுங்கி இரும்பை விடுவிக்கிறது. வேலை முடிந்த வாயு உலையின் உச்சியால் வெளியே வரும். அதில் பாதி நைதரசன், சுமார் ஐந்தில் ஒரு பங்கு காபனீரொட்சைட்டு, அதே அளவுக்குச் சற்றுக் கூட எரியாத காபனோரொட்சைட்டு. ஒரு தொன் இரும்புக்கு ஏறத்தாழ 1500 கனமீற்றர் வாயு வந்துகொண்டே இருக்கும். ஒரே கனவளவை வைத்துப் பார்த்தால், வீட்டுச் சமையல் காஸின் வெப்பத்தில் முப்பதில் ஒரு பங்குதான் இதில் உண்டு.

இவ்வளவு வலுக்குறைந்த வாயுவைத் தூர இடத்துக்குக் குழாய் போட்டு விற்க முடியாது. வெளியே விட்டால் ஆளைக் கொல்லும். சும்மா கொளுத்திவிட்டால் வெப்பம் வீண். அதனால்தான் பக்கத்திலேயே ஒரு கொதிகலன் வேண்டும். கற்கரிச் சூளையிலிருந்து வரும் வாயு இதைவிட ஐந்து மடங்கு சூடு தரும், அதையும் கலந்து எரிப்போம்.

எங்கள் வேலையின் நுணுக்கம் இங்கேதான் இருக்கிறது. உலையில் உருகிய இரும்பைத் திறந்துவிடும் நேரம், ஊதலைக் குறைக்கும் நேரம், உலை இடறும் நேரம் என்று வாயுவின் அளவும் அழுத்தமும் மாறிக்கொண்டே இருக்கும். ஆலைக்கோ நீராவி ஒரே சீராக வேண்டும். வாயு குறைந்த நிமிடத்தில் கரியைக் கூட்ட வேண்டும், வாயு பெருகியதும் கரியைக் குறைக்க வேண்டும். நிலக்கரி அங்கே வெறும் எரிபொருள் அல்ல, பள்ளம் நிரப்பும் மண். வாயுத் தாங்கி என்று பல மாடி உயரத்துக்கு ஓர் உருளைத் தொட்டி நிற்கும். அதற்குள் இருக்கும் தட்டு ஏறி இறங்குவதைப் பார்த்தே அடுத்த சில நிமிடங்களைத் திட்டமிடுவோம். எனக்கு இந்த வேலை அவ்வளவு பிடிக்கும். எத்தனை கணினி வந்தாலும், உலைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து “ஊதலைக் குறைக்கப் போறோம்” என்று இரண்டு நிமிடம் முன்னால் வரும் ஒரு தொலைபேசி அழைப்புக்கு ஈடில்லை.

காத்து ஊதுறதுக்கு ஒரு ஃபேன் போதாதா? அதுக்குப் போய் பவர் ஸ்டேஷனா?

இந்தக் கேள்விக்குப் பதில் நம் மண்ணிலேயே இருக்கிறது. பலாங்கொடைக்குத் தெற்கே சமனலவெவவில், மேற்குப் பார்த்த மலைச் சரிவுகளில் பழைய இரும்பு உலைகள் வரிசையாகக் கண்டெடுக்கப்பட்டன. தொல்லியலாளர் கில் ஜூலெஃப் அவற்றை ஆராய்ந்து 1996இல் முடிவுகளை வெளியிட்டார். துருத்தியே இல்லாமல், தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதும் வேகத்தை வைத்தே நம் முன்னோர் ஆயிரம் ஆண்டுக்கு முன் அங்கே இரும்பும் உயர் காபன் உருக்கும் எடுத்திருக்கிறார்கள். இன்று அந்தப் பள்ளத்தாக்கில் இருப்பது 120 மெகாவோட் நீர்மின் நிலையத்தின் நீர்த்தேக்கம். சமனலவெவவைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அந்தச் சரிவுகளைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது.

அந்த உலைகள் மனிதன் உயரம்கூட இல்லை. இன்றைய ஊதுலை பத்து மாடிக் கட்டடத்தையும் தாண்டும். ஒரு தொன் இரும்புக்கு ஆயிரம் கனமீற்றருக்கு மேல் காற்று வேண்டும். அதையும் பல மடங்கு அழுத்தத்தில், 1000 பாகைக்கு மேல் சூடாக்கி, ஒரு நிமிடமும் நிறுத்தாமல் உலையின் அடியில் செலுத்த வேண்டும். பெரிய உலையின் ஊதிக்கே இருபது முப்பது மெகாவோட் வலு போகும். அந்த ஊதியைப் பல ஆலைகளில் நீராவிச் சுழலி நேரடியாகச் சுற்றுகிறது. வெளியே கறண்ட் போனாலும் காற்று நிற்கக் கூடாது என்பதுதான் காரணம்.

2025ல குரங்கு பாஞ்சு கறண்ட் போனப்ப, நுரைச்சோலை திரும்ப வர ஏன் அத்தனை நாள்?

2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல். பாணந்துறை உபநிலையத்தில் ஏற்பட்ட கோளாறால் நாடு முழுக்க இருண்டது. சில மணி நேரத்தில் விளக்குகள் வந்தாலும் நுரைச்சோலை இயந்திரங்கள் உடனே வரவில்லை. அடுத்த நாட்களில் ஒன்றரை மணி நேர மின்வெட்டு இருந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும்.

அனல் நிலையத்தை விளக்குப் போலப் போட்டு அணைக்க முடியாது. சுழலியின் அச்சு பல தொன் எடை, 500 பாகைக்கு மேற்பட்ட நீராவியில் வேலை செய்வது. நின்றதும் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஒரே வேகத்தில் ஆறாது, அச்சு வளையும். அதனால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே ஆறவிட வேண்டும், பிறகு படிப்படியாகச் சூடேற்ற வேண்டும். கொதிகலனின் தடித்த உலோகமும் அவசரப்பட்டால் விரிசல் விடும். இன்னொன்று: பம்பி, விசிறி, கரி அரைக்கும் ஆலை எல்லாவற்றுக்கும் நிலையத்துக்கே வெளியிலிருந்து கறண்ட் வேண்டும். முழு இருளில் முதலில் எழுவது நீர்மின் நிலையங்கள். அவை கொடுத்த பிறகுதான் அனல் எழும்பும்.

அப்ப உருக்காலையில திடீரெண்டு கறண்ட் போனா என்ன நடக்கும்?

அங்கே பயமே வேறு. உலைச் சுவரைச் சுற்றித் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் காற்றுக் குழல்களின் செம்பு மூக்குகள் சில நிமிடத்தில் உருகி, தண்ணீர் உலைக்குள் போய்விடும். ஊதல் நின்றால் உருகிய கசடு அதே குழல்களுக்குள் ஏறி உறையும். அதனால் உயரத் தொட்டியில் அவசரத் தண்ணீர், டீசல் பம்பி, மேலே சொன்ன நீராவி ஊதி எல்லாம் தயாராக இருக்கும். வெளிக் கட்டமைப்பு ஆடத் தொடங்கியதும் மின்நிலையம் தன்னைத் துண்டித்துக்கொண்டு, முக்கியமான சுமைகளை மட்டும் தாங்கித் தனித் தீவாக ஓடும். உருளை ஆலை நின்றால் பரவாயில்லை, உலைத் தண்ணீர் நிற்கக் கூடாது. அந்த வரிசையை நாங்கள் தூக்கத்திலும் சொல்வோம்.

எல்லா ஏற்பாடும் இருந்தும் சில நாள் தோற்கும். 2014 ஒக்டோபரில் ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தைத் தாக்கியபோது அங்குள்ள உருக்காலை மின்சாரம் இழந்து உற்பத்தி நின்றது. ஊதுலை நீண்ட நாள் குளிர்ந்து உள்ளே இறுகிவிட்டால் மீட்பதற்கு மாதக்கணக்கில் ஆகும், சிலவேளை மீட்கவே முடியாது. 2025 ஏப்ரலில் பிரித்தானிய நாடாளுமன்றம் ஒரு சனிக்கிழமையில் கூடி ஸ்கன்தோர்ப் ஆலையின் பொறுப்பை அரசு எடுக்கச் சட்டம் போட்டதும், மூலப்பொருள் தீர்ந்து இரண்டு உலைகள் அணைந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

புகைபோக்கியில வெள்ளையா வாறது எல்லாம் நஞ்சா?

குளிர்விப்புக் கோபுரத்திலிருந்து தடித்த வெள்ளையாக வருவது நீராவி. ஆபத்தானது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. சாம்பலை மின்னேற்றம் செய்த தகடுகள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் பிடித்துவிடும், அவை ஒழுங்காக வேலை செய்தால். கந்தகத்தை நுரைச்சோலையில் கடல்நீரால் கழுவுகிறார்கள். பிடித்த சாம்பலும் ஊதுலைக் கசடும் சீமெந்துக்குப் போகின்றன.

நுரைச்சோலை மக்களின் முறைப்பாடு புகைபோக்கியைப் பற்றியது மட்டுமல்ல. திறந்த கரி முற்றத்திலிருந்தும் சாம்பல் மேட்டிலிருந்தும் காற்று அள்ளிவரும் தூசு வீட்டிலும் தோட்டத்திலும் படிகிறது என்கிறார்கள். அது முழுக்க நியாயமான முறைப்பாடு. தண்ணீர் தெளிப்பது, காற்றுத் தடுப்பு வேலி, மூடிய களஞ்சியம் எல்லாம் தெரிந்த வழிகள்தான். செலவைப் பார்த்து அவற்றைத் தள்ளிப்போடுவதை என்னால் ஏற்க முடியாது.

தம்பி, மகன் அந்த மாதிரி இடத்துக்கு வேலைக்குப் போறான். பயமில்லையா?

அம்மா, கவனமாக இருந்தால் வேலை செய்யலாம். ஆனால் ஒரு பயம் கட்டாயம் இருக்க வேண்டும், அது உலை வாயு. அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காபனோரொட்சைட்டு என்று முன்பே சொன்னேன். நிறமில்லை, மணமில்லை. கசிவுக்குப் பக்கத்தில் நின்றால் இரண்டு மூச்சில் நினைவு போகும்.

நான் வேலை செய்த இடத்தில், வாயு வெளியே வராமல் தண்ணீரால் மறித்துவைக்கும் பூட்டு ஒன்றைச் சுத்தம் செய்யப் போனவர் சத்தமில்லாமல் சரிந்தார். அதைப் பார்த்த நண்பர் முகக்கவசம் இல்லாமல் ஓடினார், அவரும் விழுந்தார். மூன்றாவது ஆளை மேற்பார்வையாளர் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். காற்றுச் சிலிண்டர் மாட்டிய குழு வந்து இருவரையும் எடுத்தது. முதலாமவர் பிழைத்தார். ஓடிப்போனவர் பிழைக்கவில்லை. அவருக்கு மூன்று வயதில் ஒரு மகள் இருந்தாள்.

மகனிடம் இதைச் சொல்லி அனுப்புங்கள்: நெஞ்சில் மாட்டும் வாயு அளவி இல்லாமல் குழாய்ப் பக்கம் போகக் கூடாது. தனியாகப் போகக் கூடாது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று, திசை காட்டக் கம்பத்தில் கட்டிய துணிப்பையைப் பார்த்து நிற்க வேண்டும். அப்புறம், யார் விழுந்தாலும் முதலில் சத்தம் போட வேண்டும், ஓடக் கூடாது. கடைசியாகச் சொன்னதுதான் மனதுக்கு மிகக் கஷ்டமானது. அதனால் அதை முன்கூட்டியே பழக வேண்டும்.

சோலர் இவ்வளவு மலிவாகிட்டு. அதைப் போட்டு இந்தக் கரி நிலையத்தை மூட ஏலாதா?

மின்சாரம் என்ற பாதிக்குச் சோலர் நிச்சயம் உதவும். ஆனால் முதல் பதிலில் சொன்ன மற்றப் பாதி அப்படியே நிற்கும். ஊதல் இரவிலும் வேண்டும், வாயு இரவிலும் வரும். மின்கட்டமைப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. சுற்றும் பாரமான இயந்திரங்கள் ஒரு அதிர்ச்சி வந்தால் தங்கள் சுழற்சியால் சில விநாடி தாங்கும். சாதாரண சோலரில் அது இல்லை. 2025 ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறையில் தேவை குறைந்தபோது, கூரைச் சோலர் வைத்தவர்களைப் பகலில் நிறுத்திவைக்கும்படி மின்சார சபை கேட்டது இதனால்தான். பற்றரி இந்தக் குறையைத் தீர்க்கும், அதில் எனக்கு நம்பிக்கை உண்டு.

நுரைச்சோலைக்குப் பக்கத்துல ஒரு ஊதுலை போட்டா நாங்களே ஸ்டீல் செய்யலாம்தானே? பனிரெந்தாவையில இரும்பு இருக்கே?

சிலாபத்துக்கு உள்ளே பனிரெந்தாவையில் நல்ல மக்னடைட் தாது இருப்பது உண்மை. மதிப்பீடு ஐம்பது அறுபது லட்சம் தொன் அளவில். வருடம் முப்பது லட்சம் தொன் இரும்பு எடுக்கும் ஒரு நவீன உலை, நாற்பத்தைந்து லட்சத்துக்கு மேல் தாது கேட்கும். ஒன்றேகால் வருடத்தில் பனிரெந்தாவை காலி. கற்கரிக்கான நிலக்கரி நம்மிடம் இல்லவே இல்லை. இருக்கும் கரியைக்கூட நடுக்கடலில் கப்பலிலிருந்து படகுக்கு மாற்றித்தான் இறக்குகிறோம், தென்மேற்குப் பருவத்தில் அதுவும் முடியாது. நமக்குப் பொருந்துவது பழைய இரும்பை மின்சாரத்தில் உருக்குவதுதான். அதற்குக் கறண்ட் மலிவாகவும் நிற்காமலும் வர வேண்டும்.

உலை வாயு எப்பிடியும் வீணாப் போறது. அதுல எடுக்கிற கறண்டுக்கு காபன் கணக்கு பூச்சியம்தானே சேர்?

நல்ல கேள்வி, பல்கலைக்கழகப் பிள்ளைகளும் இதில் தடுமாறுகிறார்கள். ஒரே அளவு வெப்பத்துக்கு நிலக்கரியைவிட உலை வாயு இரண்டரை மடங்குக்கு மேல் காபனீரொட்சைட்டு விடும். அதற்குள் ஏற்கெனவே ஐந்தில் ஒரு பங்கு அது இருக்கிறது, எரிந்ததும் இன்னும் சேர்கிறது. சரி, அதை யார் தலையில் எழுதுவது? மின்சாரத்தின் பேரில் எழுதினால் உருக்கு சுத்தமாகத் தெரியும், உருக்கின் பேரில் எழுதினால் மின்சாரம் சுத்தமாகத் தெரியும். என் கருத்து: இரும்பு செய்ததால் பிறந்த வாயு, எனவே இரும்பின் கணக்கு. கூடவே எரித்த கரி மட்டும் மின்நிலையத்தின் கணக்கு. எப்படிப் பிரித்தாலும் இரண்டு இடத்திலும் விட்டுவிடக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரியிலிருந்து இறக்குமதி உருக்குக்கு எல்லையிலேயே காபன் விலை கணக்கிடுவதால், இது இப்போது காசு சம்பந்தப்பட்ட விஷயமும்கூட.

நாங்க இதைப் படிச்சு முடிக்கும்போது இந்த வேலை இருக்குமா?

2024 செப்டெம்பர் 30 அன்று பிரித்தானியாவின் கடைசி நிலக்கரி மின்நிலையமான ரட்கிளிஃப் மூடப்பட்டது. அதே நாளில் வேல்ஸில் போர்ட் டல்பட் ஆலையின் கடைசி ஊதுலையும் அணைக்கப்பட்டது. அங்கே இனி பழைய இரும்பை மின்சாரத்தில் உருக்கும் மின்வில் உலை வரும். ஊதுலை போனால் வாயு போகும், வாயு போனால் அதை எரித்த கொதிகலனுக்கும் வேலை இல்லை. இந்தியாவிலும் சீனாவிலும் ஊதுலைகள் இன்னும் பல வருடம் ஓடும். ஒரு உலைக்குள் செங்கல் மாற்றினால் பதினைந்து இருபது வருடம் நிற்கும். இலங்கையோ புதிய நிலக்கரி நிலையம் கட்டுவதில்லை என்று 2021இல் அறிவித்துவிட்டது.

அதனால் பிள்ளைகளுக்கு நான் நிலக்கரியை மட்டும் படிப்பிப்பதில்லை. நீராவி, அழுத்தம், வாயுப் பாதுகாப்பு மூன்றையும் படிப்பிக்கிறேன். ஆஸ்பத்திரியிலும் ஆடைத் தொழிற்சாலையிலும் சீனி ஆலையிலும் கொதிகலன் இருக்கிறது. எங்கே போனாலும் ஷிப்ட் தொடங்கியதும் முதல் வேலை, நீர்மட்டக் கண்ணாடியைப் பார்த்து, வடிகாலைத் திறந்து மூடி, மட்டம் உண்மைதானா என்று உறுதிசெய்வது. முதல் மாதம் முழுக்க அதைத்தான் செய்யவைக்கிறேன்.